அட்வான்ஸ் கொடுத்து ஆளை நிறுத்த முடியாது

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறோம். கணவருக்கும் எனக்கும் ஐடி வேலை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார். காலை 8 முதல் இரவு 7 வரை, ஞாயிறு லீவு, சம்பளம் 14,000. வாங்கிய 40,000 அட்வான்ஸில் 10,000தான் கழிந்திருக்கிறது, அதற்குள் மறுபடி கேட்கிறார். முன்பு வந்த இருவர் 35,000 பாக்கியோடு நின்றுவிட்டார்கள், அப்போது நான் 12 நாள் சம்பளமில்லா லீவு போட்டேன். மதியம் குழந்தை தூங்கும்போது மாமியார் இந்த அக்காவைத் துணி துவைக்கச் சொல்கிறார். சம்பளத்தை ஏற்றுவதா, வங்கியில் சொல்லும் குழந்தைகள் யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) மாதம் 5,000 போடுவதா?

பதில்: யூலிப்பை விடுங்கள், உங்கள் பணத்தைத் தின்பது அந்த அட்வான்ஸ்தான். மாதம் 5,000 பிடித்து காலண்டரில் குறித்து வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 11 மணி நேரம், 26 நாள், ஆக 286 மணி. பிடித்தம் போக அவர் கைக்குப் போவது 9,000, அதாவது மணிக்கு 31 ரூபாய். வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018லேயே அறிவித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37! மீதி 9,000த்தில் வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் கட்ட முடியாமல்தான் மறுபடி கேட்கிறார், நீங்களும் கொடுப்பீர்கள், கடன் ஏறிய பிறகு சொல்லாமல் நின்றுவிடுவதுதான் அவருக்கு மிச்சம் என்று ஆகிவிடும்.

ஆள் நின்றபோது 12 நாள் சம்பளமில்லா லீவு போட்டீர்களே, நாளுக்கு 2,300 என்றால் 27,600. வராத பாக்கியையும் சேர்த்தால் 62,600. சம்பளத்தை 18,000 ஆக்கினால் வருஷத்துக்குக் கூடுவது 48,000தான். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுக்க மாதம் 1,500 எடுத்து வையுங்கள். யூலிப்புக்கு என்று வைத்திருந்த 5,000த்தோடு 500 சேர்த்தால் இரண்டும் முடிந்தது. அந்தத் திட்டத்தில் ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது, உங்களுக்கு இப்போது அது தேவையே இல்லை.

பழைய 30,000ஐ மாதம் 1,500 வீதம் மட்டும் கழியுங்கள். புது அட்வான்ஸ் வேண்டாம். ஜூன் பீஸுக்கு அவசரம் என்றால் அந்த மாதச் சம்பளத்தைப் பத்து நாள் முன்னால் கொடுங்கள், போதும்.

அப்புறம் உங்கள் மாமியார். குழந்தை மதியம் தூங்கும் நேரத்தில்தான் அந்த அக்கா தட்டில் சோறு போட்டு உட்காருவார், அப்போது துணி துவைக்கச் சொல்வது நியாயமில்லை. குழந்தையின் சாப்பாடு, குளியல், துணி அவர் வேலை. வீட்டுத் துணி, விருந்தாளிப் பாத்திரமெல்லாம் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூலி. இதை மாமியாரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கணவர்.

அந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள் என்றால் வங்கிக் கணக்கில் பிரதமரின் ஆயுள் காப்பீடு 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய், இரண்டும் வருஷத்துக்கு. இந்த 456ஐ நீங்களே கட்டிவிடுங்கள்.