நிறுவியாயிற்று, ஆனால் லினக்ஸ் எழவில்லை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் லினக்ஸையும் பிழையின்றி நிறுவினேன். ஆனால் கணினி நேராக விண்டோஸுக்கே செல்கிறது. இருமுறை மீண்டும் நிறுவியும் பயனில்லை.

பதில்: லினக்ஸை நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவை அதே முறையில் தொடக்கினால், மூன்றாம் முறை நிறுவினாலும் இதே விளைவுதான் கிடைக்கும். அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் எழுகின்றன. பென்டிரைவோ பழைய பயாஸ் முறையிலும் எழக்கூடியது. எதிலிருந்து எழுவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவைக் கவனித்துப் பாருங்கள்: ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு வரிகளில் தோன்றி, ஒன்றின் முன்னால் மட்டும் யூஇஎஃப்ஐ என்று இருக்கலாம். மற்ற வரியைத் தேர்ந்தெடுத்திருந்தால், லினக்ஸின் தொடக்க நிரலான க்ரப், விண்டோஸ் எழும் வழியில் இடம்பெறாமல் போயிருக்கும். லைவ் அமர்வில் (பென்டிரைவிலிருந்தே நேரடியாக இயங்கும் லினக்ஸில்) ‘சிஸ்’ கோப்புறையைத் திறந்து, அதனுள் உள்ள ‘ஃபர்ம்வேர்’ கோப்புறையில் ‘இஎஃப்ஐ’ என்றொரு கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் நீங்கள் எழுந்தது பழைய முறையில்தான்.

அப்படியானாலும் நிறுவியதை அழிக்க வேண்டியதில்லை. யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுத்து லைவ் அமர்வுக்குச் சென்று, லினக்ஸ் பகுதியையும் இஎஃப்ஐ பகுதியையும் மவுண்ட் செய்து (அணுகும்படி இணைத்து), சிஎச்ரூட் என்னும் கட்டளை வழியாக நிறுவிய லினக்ஸுக்குள் நுழைந்து, யூஇஎஃப்ஐக்குரிய க்ரப்பை மட்டும் நிறுவினால் போதும். இஎஃப்ஐ பகுதி என்பது வட்டில் சில நூறு எம்பி அளவே உள்ள, ஃபேட்32 வடிவிலான சிறு பகுதி. விண்டோஸின் தொடக்க நிரலும் அங்கேதான் இருப்பதால் அதை ஒருபோதும் ஃபார்மட் செய்யாதீர்கள். முதலிலேயே சரியான முறையில் நிறுவியிருந்தீர்கள் என்றால், தொடக்க வரிசையில் க்ரப் பதிவு பின்னால் நிற்கிறதா என்று ஃபர்ம்வேர் அமைப்பில் (இயங்குதளம் எழுமுன் திறக்கும் அமைப்புத் திரையில்) பார்த்து அதை முன்னே நகர்த்துங்கள். இருமுறை நிறுவுவதற்கு முன்பே இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்; இரண்டு நிமிட வேலை.

கேள்வி: க்ரப் மெனு வருகிறது. லினக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது.

பதில்: மெனு வந்துவிட்டதால் க்ரப்பைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும், குறிப்பாக என்விடியா அட்டை உள்ள கணினிகளில், வரைகலை இயக்கியே (டிரைவர்) காரணம். மெனுவில் லினக்ஸ் வரியின் மேல் நின்று ஆங்கில ‘இ’ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோடு, செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாகத் தட்டச்சிட்டு எஃப்10 விசையை அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். திரை தெரிந்ததும் என்விடியா இயக்கியை நிறுவிவிடுங்கள். நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கினால், இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை சில நொடிகள் மட்டும் தோன்றும். பலரும் ஏதோ பிழை என்றெண்ணி அதைக் கடந்துவிடுகிறார்கள். அங்கே ‘என்ரோல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தராவிட்டால், புதிய இயக்கி ஏற்றப்படாது.

கேள்வி: தரவுகளுக்கான பகுதியை ஃபார்மட் செய்தபின், லினக்ஸ் எழும்போது 90 நொடிகள் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடு (மீட்புக்கான கட்டளைத் திரை) வருகிறது.

பதில்: ஃபார்மட் செய்ததும் அப்பகுதியின் அடையாள எண்ணான யூயூஐடி மாறிவிட்டது, எழும்போது இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்ணே இருப்பதால் லினக்ஸ் அதையே தேடுகிறது. லைவ் பென்டிரைவிலிருந்து அக்கோப்பைத் திறந்து புதிய எண்ணை இடுங்கள்.