கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கள்ளுக்கடைக் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் தம்பிக்கு பெங்களூரில் வேலை. போன தடவை வந்தபோது இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. எதற்கெடுத்தாலும் கண் கலங்கினான். தாடை வலிக்கிறது என்று ஒத்தடம் கேட்டான். துருவிக் கேட்டதில் பார்ட்டியில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளை எடுத்ததை ஒப்புக்கொண்டான். "ஆஸ்திரேலியாவில் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார் அக்கா, நிறையத் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்கிறான். ஒரு வருடமாக மன அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறான். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவன் சொல்வது உண்மையா?

ச., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ச.,

தம்பி பொய் சொல்லவில்லை, பாதி படித்திருக்கிறான். 2023 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், பெரிய அதிர்ச்சியிலிருந்து மீள முடியாதவர்களுக்கு இதைக் கொடுக்கலாம். அது அளவு தெரிந்த சுத்தமான மருந்து. உடம்பைப் பரிசோதித்து, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க, சில தடவை மட்டும் கொடுப்பது. அமெரிக்காவிலோ 2024இல் சான்று போதாது என்று அனுமதி மறுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை அவன் புரட்டவில்லை போல.

மரத்திலிருந்து இறக்கிய கள்ளும் கடையில் ஊற்றிய கள்ளும் ஒன்றல்ல என்று உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கிழவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மயக்க மருந்து கலந்த கள்ளெல்லாம் பார்த்தவர்கள். கள்ளையாவது முகர்ந்து பார்க்கலாம். பொட்டலத்தில் வரும் பளிங்குத் துண்டு எம்.டி.எம்.ஏ.வா, மெத்தாம்பெட்டமைன் என்ற வேறொரு போதைப்பொருளா, இரண்டும் கலந்ததா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. விற்பவனுக்கே தெரியாது.

அந்த அழுகைக்கு வருகிறேன். மூளையில் மனநிலை, தூக்கம், பசியையெல்லாம் பார்த்துக்கொள்ளும் செரோடோனின் என்ற பொருளை இது ஒரே மூச்சில் திறந்துவிடுகிறது. மூன்று முதல் ஆறு மணி நேரம் எதிரில் வருகிறவரெல்லாம் சொந்தக்காரராகத் தெரிவார்கள். மலம்புழை அணையை ஒரே ராத்திரியில் திறந்துவிட்டால் அடுத்த வாரம் வாய்க்காலில் என்ன ஓடும்? அந்த இரண்டு நாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தாடை வலி, தன்னை அறியாமல் மணிக்கணக்கில் பல்லைக் கடித்ததால்.

உயிருக்கு ஆபத்து முக்கியமாகச் சூட்டில் இருக்கிறது. மருந்து உடம்பின் வெப்பத்தை ஏற்றுகிறது, களைப்பை மறைக்கிறது. காற்றில்லாத ஹாலில் ஆடிக்கொண்டே இருந்தால் காய்ச்சல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தசை சிதைந்து, சிறுநீரகம் நின்றுபோகலாம். இதற்குப் பயந்துதான் 'தண்ணீர் குடி' என்ற அறிவுரை வந்தது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இதே மருந்து சிறுநீர் போகவிடாமல் உடம்பைத் தடுக்கிறது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து, மூளை வீங்குகிறது. 1995இல் இங்கிலாந்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பிறந்தநாள் விருந்தில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் ஏழு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்து இறந்தாள். தண்ணீரே குடிக்காமலும் இருக்கக்கூடாது, குடம் குடமாகவும் ஊற்றக்கூடாது.

மன அழுத்த மாத்திரைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சில வகை மாத்திரைகளோடு இது சேர்ந்தால் செரோடோனின் எல்லை மீறி நடுக்கம், விறைப்பு, கடும் காய்ச்சல் என்று உயிரையே பறிக்கலாம். பார்ட்டிக்காக மாத்திரையை அவனாக நிறுத்தினால் அது வேறு வினை. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அவனே போய்ச் சொல்ல வேண்டும்.

போதைப்பொருள் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டித்தானே பஸ் வருகிறது. பத்து கிராமைத் தாண்டினால் குறைந்தது பத்து வருடம் சிறை. அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு. அந்த அளவோடு பிடிபட்டவரும் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே சட்டத்தில், 64ஏ பிரிவில் வழி இருக்கிறது.

என் நண்பர் மகனை ஒருமுறை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். மானம் போகுமே என்று அவன் அப்பா "வெயில்ல சுத்தினான், சாப்பாடு சேரல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரும் அதை நம்பி வாந்திக்கு ஊசி போட்டார். இரண்டு மணி நேரம் வீண். கடைசியில் கூட வந்த பையன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். பிழைத்தான், நல்ல வேளை. நானும் அங்கேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அம்மாவிடம் அவனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, இலவசம். அப்புறம், அவசரத்தில் டாக்டரிடம் காட்ட, அவன் சாப்பிடும் மாத்திரை அட்டையை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே.