டியூபில் ஒட்டாதது விரலில் ஒட்டுவது ஏன்?

கேள்வி: அறுந்த செருப்பு வாரை சூப்பர் குளூ பசையால் ஒட்டப்போய் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன, வார் ஒட்டவில்லை! டியூபுக்குள் தண்ணியாகக் கிடப்பது விரலைக் கண்டதும் ஏன் இறுகுகிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: ஈரம்தான் காரணம். மைதாப் பசை காய்ந்தால் ஒட்டும், இது நேரெதிர். சயனோஅக்ரிலேட் என்கிற இந்தத் திரவத்துக்கு ஈரம் பட்டால் போதும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீண்ட சங்கிலியாகிவிடும். காற்றிலிருந்து பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரமே அதற்குத் தாராளம். டியூபுக்குள் ஈரம் கிடையாது, போதாததற்கு இறுகாமலிருக்கத் துளி அமிலமும் கலந்திருப்பார்கள். உங்கள் விரலிலோ வியர்வை. கேட்கவா வேண்டும்?

அடுத்த முறை விரல் ஒட்டினால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எள்ளுருண்டை உருட்டுவது போல விரல்களை மெல்ல உருட்டுங்கள், விட்டுவிடும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் கரைக்கும், ஆனால் கண், வாய்ப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. பசையே கண்ணில் பட்டுவிட்டால் இமையைப் பிரிக்க முயலாமல், தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். அப்புறம், சிந்தியதைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தி பட்டால் குபீரென்று சூடேறிப் புகைகூட வரும், கை வெந்துவிடும்.

செருப்பு? அது நடக்கும்போதெல்லாம் வளைகிறது, இந்தப் பசையோ இறுகினால் விறைப்பு. தைப்பவரிடமே கொடுங்கள்.

கேள்வி: விரிசல் விட்ட பிளாஸ்டிக் பக்கெட்டில் மூன்று டியூப் ஊற்றினேன். மறுநாளே தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

பதில்: முப்பது ஊற்றினாலும் அதே கதைதான். பக்கெட்டைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருக்கும். 2 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், இரண்டிலும் இந்தப் பசை பிடிக்காது. டிவி ரிமோட், பொம்மை போன்ற கெட்டி பிளாஸ்டிக்கில் நன்றாகப் பிடிக்கும், அதுவும் ஒரே சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தால். நிறைய விட்டால் உள்ளே ஈரம் போகாமல் நடுவில் பிசுபிசுவென்றே கிடக்கும் (என் மூக்குக் கண்ணாடியில் நான் கற்ற பாடம், லென்ஸில் வெள்ளைப் படலம் வேறு!). இடைவெளி இருந்தால் சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள், கல் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: போர்க்காயங்களை ஒட்டத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 1942இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்து ஹாரி கூவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் பாகத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது சிக்கியது இது. தொட்டதெல்லாம் ஒட்டியதால் ‘சனியன்’ என்று ஓரங்கட்டிவிட்டார். 1951இல் அவருடைய சகா பிரெட் ஜாய்னர், ஒளிவிலகலை அளக்கும் விலையுயர்ந்த கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதைத் தடவ, பட்டகங்கள் பிரியவே இல்லை. அப்போதுதான் கூவருக்குப் பொறி தட்டியது. 1958இல் விற்பனைக்கு வந்தது. ரத்தப்போக்கை நிறுத்த வியட்நாம் போரில் தெளித்தது உண்மைதான், ஆனால் அது பின்னால் வந்த கதை. இன்று டாக்டர்கள் காயத்தில் போடுவது இதன் வேறு வகை. பெட்டிக்கடை டியூபைக் காயத்தில் வைத்துவிடாதீர்கள், எரியும்.