நாயைப் பிடித்துக்கொண்டு அலைகிறாரே!

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. புளியரைப் பக்கம் நெல் விவசாயம். போன ஐப்பசியில் எலிக்காய்ச்சல் வந்து சிறுநீரகமும் நுரையீரலும் பாதித்து, கேரளாவில் ஒரு மருத்துவமனையில் 16 நாள் ஐசியுவில் கிடந்தார். அதில் 9 நாள் வென்டிலேட்டர். உடம்பு தேறிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் பழைய ஆள் இல்லை. யாரோடும் பேசுவதில்லை. செல்போன் அலாரம் அடித்தாலே வேர்த்துப்போகிறது. "ஆரியங்காவு குகைக்குள்ள என்னைக் கட்டிப்போட்டு, மலையாளத்துல பேசிப் பேசி ஊசி போட்டாங்க" என்று ராத்திரியில் சொல்கிறார். விடிந்ததும் எங்கள் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அந்த ஒரு மணி நேரம்தான் முகம் தெளிவாக இருக்கிறது. "வயலை எட்டிப் பாக்கல, நாயைப் பிடிச்சிட்டு அலையுதான்" என்று மாமியார் ஏசுகிறார். தடுக்கவா, விடவா? மணியை வீட்டுக்குள் படுக்கவைக்கச் சொல்கிறார் கணவர், அது சரியா?
– வாசகி, செங்கோட்டை வட்டம்

பதில்: விடுங்கள் சகோதரி. நாய் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான், இருந்தும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குகை. அவருக்குப் புத்தி பிசகவில்லை. வென்டிலேட்டரில் கிடப்பவர்களில் நிறையப் பேருக்கு டெலிரியம் என்கிற குழப்பம் வரும். மயக்க மருந்து, காய்ச்சல், ராப்பகல் தெரியாமல் எரிகிற விளக்கு, ஓயாத அலார சத்தம். அரை மயக்கத்தில் காதில் விழுந்ததையும் உடம்பில் பட்டதையும் வைத்து மூளை ஒரு கதை கட்டும். செங்கோட்டைக்காரருக்கு இருட்டு என்றால் ஆரியங்காவில் மலையைக் குடைந்து போகிற அந்த ரயில் குகைதானே வரும்? குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டியிருக்கவும் கூடும். மலையாளம் உங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த நேரத்தில் அதுவும் அந்நிய பாஷையாகிவிட்டது.

ஐசியுவிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு வருகிற பயம், மறதி, சோர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2012-இல் மருத்துவர்கள் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்: தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுப்பு. வாயில் நுழையாத பெயர், போகட்டும். மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு வருடக்கணக்கிலும். ஆகவே சோம்பேறித்தனம் என்ற பேச்சே வேண்டாம்.

நீங்கள் ஒன்று செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் அந்த 16 நாளையும் எழுதுங்கள். என்றைக்குக் குழாய் போட்டார்கள், என்றைக்கு எடுத்தார்கள், யார் யார் பார்க்க வந்தார்கள், நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள். சில நாடுகளில் நர்ஸுகளே இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் கேட்கிறபோது படித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் அலமாரியில் இருக்கட்டும்.

இப்போது மணி. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "இப்ப எப்படி இருக்கு?" என்று அவரைத்தான் கேட்பார்கள். மணி கேட்காது. 16 நாள் அவரைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், குத்தினார்கள். எல்லாம் அவருக்கு நடந்தவை, அவர் செய்தது ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒரு ஜீவன், இவர் கயிற்றை எப்போது எடுப்பார் என்று வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. காலை வெயில் கண்ணில் படுவதால் ராத்திரித் தூக்கமும் சீராகும். படுக்கையில் கரைந்த தசை நடந்தால்தான் திரும்ப வரும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். களைத்த பிறகு திரும்பாமல், பாதித் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடச் சொல்லுங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பூனையைக் கண்டு நாய் பாய்ந்தால் ஆளும் சேர்ந்து விழுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. எலிக்காய்ச்சல் ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதில்லை, அந்தக் கிருமியில் பல வகை உண்டு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தொற்றுவது இது. வரப்பில் வெறுங்காலோடு, அதுவும் காலில் புண்ணோடு இறங்கக் கூடாது. சாரல் காலத்தில் தேங்கிய தண்ணீரில் மிதிக்காமல் ரோட்டோரமாகவே நடக்கட்டும். வயலில் இறங்கும் நாட்களுக்கு முன்கூட்டி மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாய்க்கும் இந்தக் காய்ச்சல் வரும், அதன் சிறுநீரிலிருந்து நமக்கும் தொற்றும். மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியையும் கால்நடை மருத்துவரிடம் போட்டுவிடுங்கள்.

மணி மட்டும் போதாத கட்டமும் உண்டு. ராத்திரித் தூக்கமே இல்லை, செக்கப்புக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மறுக்கிறார், "செத்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்கிறார் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரையும் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். நாளைக்கு மணியை நம் வயல் பக்கமாகக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ரோட்டில் நின்று பயிரை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும், கிழவிக்கும் வாய் அடைக்கும்.

படுக்கை விஷயம்: ஊசி போட்டு, குளிப்பாட்டி, உள்ளே விடுங்கள். கட்டிலில் வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சாக்கை விரித்துப் போட்டால், கனவு கண்டு எழுகிறபோது கை நீட்டினால் எட்டும்.