வாசகர் கேள்வி: முட்டையில் பிறந்த குலம்

கேள்வி: யாங்கூனில் படிக்கும் என் பேரன், விடுமுறைக்கு வந்தால் நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஏதோ கதை விளையாட்டு ஆடுகிறான். அதில் தான் ‘டிராகன்பார்ன்’ என்ற இனத்தவன் என்றும், அவ்வினம் டிராகன்களிடமிருந்து வந்தது என்றும் சொல்கிறான். யார் இவர்கள்?
— ஒரு பாட்டி, மோல்மீன்

பதில்: பேரன் ஆடுவது, அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டாக இருக்கும், அம்மா. டிராகன்பார்ன்கள் அதில் நெடுநாள் கழித்தே நுழைந்தார்கள். 2006-இல் வந்த ஒரு துணைநூலில், பஹாமுத் என்னும் டிராகன் தெய்வத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, முட்டைக்குள் புகுந்து மறுபிறவி எடுத்தவர்களாக அவர்கள் இருந்தார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்புதான் அவர்களைப் பிறப்பிலேயே தனி இனமாக்கி, முதன்மை விதிநூலில் இடம் கொடுத்தது.

அவர்களுடைய தோற்றத்தைப் பற்றி அந்தப் பதிப்பு ஒரு கதையோடு நிறுத்தாமல் மூன்று கதைகளைச் சொல்லி, எது மெய் என்பதை முடிவு செய்யாமல் விடுகிறது. மூன்றுக்கும் மூலவர் ஆதி டிராகன் தெய்வம். அதன் பெயர் நம் காதில் ‘ஐயோ’ என்றே விழும் என்பதால் ‘அயோ’ என்று எழுதுகிறேன். அயோ விண்ணுலக ஆவிகளைப் பஞ்சபூதங்களின் வெறியோடு பிசைந்தபோது, பெரிய ஆவிகள் டிராகன்களாகவும் சிறியவை டிராகன்பார்ன்களாகவும் ஆயின என்பது முதற்கதை. போரில் அயோ இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி பஹாமுத்தாகவும் மறுபாதி தியாமத்தாகவும் எழுந்தபோது, சிந்திய இரத்தத் துளிகளிலிருந்து இவர்கள் முளைத்தார்கள் என்பது இரண்டாவது. டிராகனின் ஆற்றலையும் சுயவிருப்பத்தையும் ஒருசேரக் கொடுத்து, அயோ இவர்களைத் தனியே அன்போடு வடித்தது என்பது மூன்றாவது.

எந்தக் குடி எந்தக் கதையைச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதற்கதையைச் சொல்பவர், டிராகன் ஆள்வதும் தாம் பணிவதும் இயற்கை என்று ஒப்புக்கொள்கிறார்; இரண்டாவதைச் சொல்பவருக்கு டிராகனிடம் எந்தக் கடனும் இல்லை; மூன்றாவதைச் சொல்பவரோ தாமே படைப்பின் உச்சி என்கிறார். இதே விளையாட்டின் இன்னொரு கற்பனை உலகில், டிராகன்களுக்கு அடிமையாக இருந்து, கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற டிராகன்பார்ன்கள் ‘டிமாந்தர்’ என்ற நாட்டை உடையவர்கள். அங்கே டிராகனை வணங்குவது வெட்கக்கேடு.

டிராகன்பார்ன் பண்பாட்டில் குடியே, அதாவது குலமே, எல்லாம். தெய்வப் பற்றைவிடக் குடிப்பற்று பெரிது. குடியிலிருந்து விலக்கப்படுவதைவிடப் பெரிய இழிவு அவர்களுக்கு இல்லை. குடிப்பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் சொல்வது மரியாதை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் தாங்கும் நமக்கு இது எளிதில் பிடிபடும். குடும்பப் பெயரே வைத்துக்கொள்ளாத பர்மிய நண்பர்களுக்குத்தான் பேரன் விளக்க வேண்டியிருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் குழந்தை நடக்கும். மூன்று வயதில் நம் பத்து வயதுப் பிள்ளையின் அளவை எட்டும். பதினைந்தில் முழு ஆளாகி, சுமார் எண்பது வரை வாழும்.

கேள்வி: நம் பர்மாவில் இப்படி ஒரு கதை உண்டா?
— ஒரு வாசகர், பகோ

பதில்: உண்டு. சீனப் புத்தாண்டுக்குத் தெருவில் ஆடும் டிராகனுக்கும் கோயில் படிக்கட்டில் படமெடுக்கும் நாகத்துக்கும் பர்மியர் ‘நகா’ என்று ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பகான் அரச மரபின் பியூசோத்தி, நாக இளவரசிக்கும் சூரிய தேவனுக்கும் உண்டான முட்டையில் பிறந்தவர் என்பது பழைய வழக்கு. அதே ஈட்டில் ஒரு பொன் முட்டை மொகோக்கில் விழுந்து உடைந்ததால்தான் அங்கே மாணிக்கம் கிடைக்கிறது என்பார்கள். 1829-இல் பாஜிதோ மன்னர் அமர்த்திய அறிஞர்கள் ‘கண்ணாடி அரண்மனை வரலாறு’ என்ற அரச வரலாற்று நூலைத் தொகுத்தபோது இந்தப் பிறப்பை ஏற்க மறுத்து, பியூசோத்தியைப் புத்தர் பிறந்த சாக்கிய குலத்தோடு இணைத்தார்கள். அரசர் வம்சத்துக்கு நாகத்தைவிடச் சாக்கியம் அப்போது பெருமையாகப் பட்டது என்றே நான் கொள்கிறேன். நம் மணிமேகலையிலும் நாக அரசன் மகள் பீலிவளை சோழனுக்குப் பிள்ளை பெறுகிறாள். ஆனால் அங்கே முட்டை இல்லை.

கேள்வி: டிராகன்பார்ன் தீயைக் கக்குமா? வாலும் சிறகும் உண்டா?
— பள்ளி மாணவர், தன்லின்

பதில்: முன்னோரான டிராகனின் நிறத்தைப் பொறுத்து மூச்சு மாறும். சிவப்பு, பொன், பித்தளை வழியினர் தீயையும், நீலமும் வெண்கலமும் மின்னலையும், கறுப்பும் செம்பும் அமிலத்தையும், வெள்ளியும் வெள்ளையும் குளிரையும், பச்சை நஞ்சையும் ஊதுவார்கள். 2014-ஆம் ஆண்டின் விதிநூலின்படி வாலும் இல்லை, சிறகும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டும் உள்ளன. வாலை மட்டுமாவது அழித்துவிடுங்கள், தம்பி.