மீண்டும் பெருந்தொற்று வந்தால், சிங்கப்பூரில் இருக்கும் மகனை ஊருக்கு அழைக்கலாமா?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்கிறான். தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கிறான். 2020-ல் மாதக் கணக்கில் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். நாங்கள் புதுக்கோட்டையில் தவித்தோம். இன்னொரு தொற்று வந்தால் எல்லைகளை மூடப்போவது முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தவுடன் அவனை வரச் சொல்லிவிடலாமா? எனக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு.

பதில்: முன்கூட்டியே தெரியும், அம்மா. ஆனால் தெரிந்த பிறகு கையில் இருக்கும் நாட்கள் மிகக் குறைவு.

2020-ஐயே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. அதே நாளில், வீட்டுக்கு நான்கு முகக்கவசம் வழங்கப்போவதாகச் சிங்கப்பூர் அரசு சொன்னது. பிப்ரவரி 7 அன்று அங்கே நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. கடைகளில் அரிசிக்கும் நூடுல்ஸுக்கும் மக்கள் முண்டியடித்தார்கள். அப்போதுகூட விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. மார்ச் 19 அன்று, 22-ஆம் தேதி முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் தரையிறங்காது என்று இந்தியா அறிவித்தது. அவகாசம் மூன்றே நாள். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சொன்ன தடை அது. வழக்கமான வெளிநாட்டு விமானச் சேவை திரும்பியது 2022 மார்ச் 27 அன்று. முதல் உத்தரவில் இருக்கும் முடிவுத் தேதியை நம்பித் திட்டமிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். 21 நாள் ஊரடங்கும் இப்படித்தான் மே மாதக் கடைசி வரை நீண்டது.

ஆக, முதல் எச்சரிக்கைக்கும் கதவடைப்புக்கும் நடுவே ஏழு வாரங்கள் இருந்தன. அடுத்த முறையும் அத்தனை வாரங்கள் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இப்போது சர்வதேச சுகாதார விதிகளில் ‘பெருந்தொற்று அவசரநிலை’ என்று இன்னும் உயர்ந்த ஒரு நிலையும் சேர்ந்திருக்கிறது. 2024-ல் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. அந்தச் சொல் செய்தியில் வரும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு ஒரு படி கீழே உள்ள சர்வதேச அவசரநிலை அறிவிப்பு வந்ததுமே குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். உலக சுகாதார நிறுவனம் எந்த நாட்டுக்கும் ஊரடங்கு போட உத்தரவிட முடியாது. அப்படி வரும் வாட்ஸ்அப் செய்திகள் பொய். முடிவு அந்தந்த அரசின் கையில்தான் இருக்கிறது.

அரசுகள் எதை வைத்து முடிவெடுக்கின்றன? மருத்துவமனையில் எத்தனை படுக்கை, ஒரு நாளில் எத்தனை பேரைப் பரிசோதிக்க முடியும், சென்ற முறை என்ன அடிபட்டோம் என்ற நினைவு ஆகியவை முக்கியமானவை. தென்கொரியாவில் 2015-ல் மெர்ஸ் என்ற சுவாச நோய் 186 பேருக்கு வந்து 38 பேரைக் கொன்றது. அந்த அடிக்குப் பிறகு, அவசர காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைவாக அனுமதி தரச் சட்டத்தில் வழி செய்தார்கள். அதனால் 2020 பிப்ரவரி தொடக்கத்திலேயே கொரோனா பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. நாடு முழுவதையும் அடைக்காமல் முதல் அலையைக் கட்டுப்படுத்தினார்கள். தீவு நாடான நியூசிலாந்து மார்ச் 25 அன்று முழுவதுமாக மூடிக்கொண்டது. ஸ்வீடன் பெரும்பாலும் அறிவுரையோடு நின்றது; முதியோர் இல்லங்களில் அதற்குக் கொடுத்த விலை பெரிது.

இவற்றில் எது சரி என்று இன்னும் வாதிடுகிறார்கள். என் மனதை அறுப்பது வேறொரு கேள்வி. வெளியே வராதே என்று சொல்லும் அரசு, அடைபட்டவனின் சோற்றுக்கும் கூலிக்கும் என்ன வழி செய்தது? நியூசிலாந்து ஊரடங்குக்கு ஒரு வாரம் முன்பே, மார்ச் 17 அன்று, கூலி மானியத்தை அறிவித்தது. இந்தியாவில் மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவில் அடைத்தார்கள். நிவாரண அறிவிப்பு 26-ஆம் தேதி வந்தது. அதற்குள் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பம்பாய் பிளேக்கின்போது பிறந்த 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் அரசுக்குத் தந்தது அதிகாரம். அடைபட்டவருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கடமையை அது சொல்லவில்லை. அந்தக் குறை தீராதவரை நாம்தான் நம்மைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் மகன் விஷயம். சிங்கப்பூர் விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 2020 இறுதிக்குள் தொற்று வந்துவிட்டது. ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துப் படுத்தால் வேறென்ன நடக்கும்? அந்த நெருக்கடியை முன்பே சரிசெய்யாதது பெரிய தவறு. ஆனால் பெரும்பாலோர் இளைஞர்கள், மருத்துவக் கவனிப்பும் இருந்தது; இறந்தவர்கள் மிகச் சிலரே. உணவு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக முதலாளிகள் அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியைத் தள்ளுபடி செய்து, தொழிலாளருக்குச் சம்பளம் தரச் சொன்னது அரசு. அதே நேரம், விடுமுறையில் ஊருக்கு வந்தவர்கள் பலர் திரும்பிப் போக அனுமதி கிடைக்காமல், ஏஜென்டுக்குக் கட்டிய கடனோடு இங்கே மாட்டிக்கொண்டார்கள்.

எனவே ‘உடனே வந்துவிடு’ என்று நான் சொல்ல மாட்டேன். வேலை பெர்மிட் முடிய இரண்டு மூன்று மாதங்களே இருக்கின்றன, அல்லது அவருக்குச் சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உண்டு என்றால் முதல் எச்சரிக்கையிலேயே கிளம்பட்டும். இல்லையென்றால் அங்கேயே இருப்பது பெரும்பாலும் நல்லது. எல்லை மூடிய பிறகு கிளம்ப முயல்வதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 2020-ல் மீட்பு விமானங்கள் தொடங்கவே மே 7 ஆகிவிட்டது.

இப்போதே செய்ய வேண்டியவை உண்டு. பாஸ்போர்ட் காலாவதியாக ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லுங்கள். பெர்மிட், காப்பீட்டுத் தாள், முதலாளியின் தொலைபேசி எண் ஆகியவற்றின் படம் உங்கள் கைப்பேசியிலும் இருக்கட்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யட்டும். அவர் அனுப்பும் பணத்தில் இரண்டு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்குங்கள். அதற்கு வட்டிக்கடை நகையை மீட்பதைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

உங்கள் மருந்துக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை தீர்ந்த பிறகு கேட்காமல், இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே கேளுங்கள்.