மஞ்சள் விளக்கு எரியும்போது பேனல் என்ன சொல்கிறது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் நான். மழை பெய்தாலே தீ எச்சரிக்கை பேனலில் சோன் 4-க்கு (கட்டடத்தைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில் நான்காவது) நேரே மஞ்சள் விளக்கு எரிகிறது, பஸ்ஸர் கத்துகிறது. செக்யூரிட்டி பட்டனை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிடுகிறார். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்த) ஆளைக் கேட்டால், "ஃபால்ட்தானே சார், ஃபயர் இல்லையே" என்கிறார். இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே புகை இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் எரிந்தால், அந்த சோனில் என்ன நடக்கிறது என்றே பேனலுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் அங்கே தீப்பிடித்தால் கட்டடத்தையே எழுப்ப வேண்டிய ஹூட்டர் அலறாமலே போகலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது சாதாரண கன்வென்ஷனல் பேனல், அதாவது எந்த டிடெக்டர் என்று சொல்லாமல் எந்த சோன் என்று மட்டும் காட்டும் பேனல். அதிலிருந்து ஒவ்வொரு சோனுக்கும் இரண்டு ஒயர் போகும், 24 வோல்ட் டிசி. ஸ்மோக் டிடெக்டர்களும், கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டிகளும் அந்த இரண்டு ஒயரில்தான் வரிசையாக இருக்கும். வரிசையின் கடைசியில், கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு குட்டி ரெசிஸ்டர். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரியது. 4.7 கிலோ ஓம் என்றால் அதன் மேல் மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையங்கள் தெரியும். அதன் வழியாக ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பேனல் நாடி பிடித்துப் பார்ப்பது இதைத்தான். புகை பட்ட டிடெக்டர் இந்த ஓட்டத்தைப் பல மடங்கு கூட்டிவிடும், உடனே சிவப்பு. ஒயர் அறுந்தாலோ, பெயின்ட் அடிக்க வந்தவர் டிடெக்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாலோ ஓட்டம் நின்றுவிடும், அப்போது மஞ்சள்.

இங்கே ஒரு மோசமான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஒரு கட்டடத்தில் பேனலின் கதவைத் திறந்தேன். முன்னால் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டு சோன்களின் ஒயர்களைக் கழற்றி டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். அந்த ரெசிஸ்டரை பேனலின் டெர்மினலிலேயே திருகியிருந்தார்கள். பேனலைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அந்தத் தளங்களில் தூங்கியவர்களுக்கு டிடெக்டரே இல்லாத மாதிரிதான். ஃபால்ட் தொல்லை தாங்காமல் யாரோ செய்த வேலை. உங்கள் பேனலில் மஞ்சள் திடீரென்று மறைந்தால், என்ன சரிசெய்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

மழைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. மொட்டை மாடியிலோ பேஸ்மென்ட்டிலோ ஒயர்களை இணைக்கும் ஏதாவது ஜங்ஷன் பாக்ஸுக்குள் தண்ணீர் இறங்கி இணைப்பு துருப்பிடித்திருக்கும். 'எர்த் ஃபால்ட்' விளக்கும் சேர்ந்து எரிகிறதா என்று பாருங்கள். ஒயர் எங்கோ எர்த்தோடு (பூமி இணைப்போடு) தொடர்பாகிவிட்டது என்று சொல்லும் விளக்கு அது. ஒரு ஒயர் மட்டும் அப்படி எர்த்தைத் தொட்டால் பேனல் பெரும்பாலும் வேலை செய்யும். அதே நிலையில் இன்னொரு ஒயரும் தொட்டால் அந்த லைனை நம்ப முடியாது. வெயில் வந்ததும் ஈரம் காய்ந்து ஃபால்ட் தானாக மறைந்துவிடும். அதனால்தான் ஏஎம்சி ஆள் வரும்போது ஒன்றும் தெரிவதில்லை. தீ எச்சரிக்கை அப்படி மறையாது. யாராவது ரீசெட் செய்யும்வரை நிற்கும்.

ரீசெட் என்றதும் உங்கள் செக்யூரிட்டி ஞாபகம் வருகிறது. அவருக்கு மூன்று பட்டன்களின் வித்தியாசத்தை அவர் மொழியிலேயே எழுதி பேனல் பக்கத்தில் ஒட்டுங்கள். பஸ்ஸரை நிறுத்துவது ஒன்று, கட்டடத்து ஹூட்டரை நிறுத்துவது இன்னொன்று, ரீசெட் மூன்றாவது. சிவப்பு எரிந்தால் முதலில் எந்த சோன் என்று பார்த்து, ஒருவர் அங்கே ஓட வேண்டும். பார்க்காமல் ரீசெட் அழுத்தினால் எந்த சோன் என்ற தடயமே போய்விடும். புகையைக் கண்டால் உடனே 101 அல்லது 112. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலை கார்ல்டன் டவர்ஸ் தீயில் 9 பேர் இறந்தார்கள். தீயைவிடப் புகைதான் அவர்களை மடக்கியது. புகை நேரம் கொடுக்காது.

அப்புறம் பேட்டரி. பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். அவற்றின் மேல் தேதி எழுதியிருக்கிறதா பாருங்கள். நான்கு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பேனலுக்கு வரும் கரன்ட்டை நிறுத்திவிட்டு ஹூட்டரை ஒலிக்க விட்டால் பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

சோன் 4 சரியாகும்வரை அந்தப் பகுதியை செக்யூரிட்டி மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து நோட்டில் நேரம் எழுதட்டும். ஏஎம்சி ஆளை அடுத்த மழை நேரத்தில் வரச் சொல்லுங்கள். வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும், சோன் 4-இன் கடைசி டிடெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பேனலில் மஞ்சள் வர வேண்டும். அதை மாட்டிவிட்டுப் புகை ஸ்ப்ரே அடித்தால் சிவப்பு வந்து ஹூட்டர் அலற வேண்டும். இரண்டையும் நேரில் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.